எந்த வெளிச்சத்துக்கு எந்தப் பூச்சி?



சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரத்தில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்துக் குழுக் கூட்டங்களுக்குப் போனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "மேடம், நீல லைட்டு மெஷின் ஒண்ணு வாங்கி வச்சா மருந்தே அடிக்க வேணாமாமே? குழுக் கடன்ல வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். இன்னொரு உறுப்பினர், "மஞ்சள் லைட்டுக்குப் பூச்சி வராதுன்னு சொல்றீங்க. ஆனா வெண்டைத் தோட்டத்துல மஞ்சள் அட்டை கட்டச் சொல்றீங்க. எது சரி?" என்று கேட்டார்.

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்வியில் குழுவின் பணம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும். ஆகவே இந்த இதழில், பூச்சிகள் வெவ்வேறு நிற வெளிச்சத்துக்கு எப்படி நடந்துகொள்கின்றன, அதை நம் வயலிலும் தோட்டத்திலும் வீட்டிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

பூச்சியின் கண்ணுக்கு எந்த நிறம் தெரியும்?

வானவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் சிவப்பு, மறு ஓரத்தில் ஊதா. நடுவில் மஞ்சள், பச்சை, நீலம். இவை எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். ஊதாவுக்கு அப்பாலும் ஒரு வெளிச்சம் உண்டு. அதற்குப் புற ஊதா என்று பெயர். அது நமக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் கண் பச்சை, நீலம், புற ஊதா ஆகிய மூன்று வெளிச்சத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு மாதிரி. சில வண்ணத்துப்பூச்சிகள் போன்ற சிலவற்றுக்குச் சிவப்பும் தெரியும். ஆனால் நம் பயிரைக் கெடுக்கும் அந்துப்பூச்சி, தத்துப்பூச்சி, வண்டு ஆகியவற்றை நீலமும் புற ஊதாவும் இழுப்பது போல் சிவப்பு இழுக்காது.

இது எப்படித் தெரிய வந்தது? இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்பவர் எறும்புக் கூட்டின் மேல் வானவில் போலப் பிரித்த வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். எறும்புகள் தம் குஞ்சுகளை, நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் புற ஊதாப் பகுதியிலிருந்து அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தன. எறும்புக்குச் சிவப்புதான் இருட்டு, புற ஊதா பளிச்சென்ற வெயில். இதை எல்லாம் 1882-ஆம் ஆண்டு வெளியிட்ட தன் புத்தகத்தில் அவர் எழுதினார். அதன்பின் 1910-களில் கார்ல் வான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி, சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். நீலக் காகிதத்தைச் சாம்பல் நிறக் காகிதங்களுக்கு நடுவில் வைத்தாலும் தேனீ கண்டுபிடித்தது. சிவப்பைக் கறுப்போடு குழப்பிக்கொண்டது. தேனீ ஆராய்ச்சிக்காக இவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விளக்கைச் சுற்றுவது ஏன்?

"விளக்கில் விழுந்த விட்டில் பூச்சி மாதிரி" என்று நாம் சொல்கிறோம். ஆசைப்பட்டு விழுந்ததாக நினைக்கிறோம். ஆனால் ஆசை இல்லை, அது ஒரு தடுமாற்றம்தான்.

2024-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், வேகமாகப் படம் பிடிக்கும் கேமராவை வைத்து விளக்கருகே பறக்கும் பூச்சிகளைக் கவனித்தார்கள். பூச்சி நேராக விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தது. காரணம் எளிது. இரவிலும் வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். "வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல், இருட்டுப் பக்கம் கீழ்" என்றுதான் பூச்சி காலங்காலமாகப் பழகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அதுதான் வானம் என்று எடுத்துக்கொண்டு, முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றி, வெளியே போகத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறது.

நம் பாட்டிமார் இந்த ஆராய்ச்சி இல்லாமலேயே இதைப் பயன்படுத்தினார்கள். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால், விளக்கை வைத்து அதன் கீழ் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பார்கள். சில ஊர்களில் அந்த ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்பதும் உண்டு. இன்று வேளாண்மைத் துறை சொல்லும் விளக்குப் பொறியும் அதேதான்.

எந்த பல்பு எப்படி?

பழைய குண்டு பல்பு: மஞ்சளும் சிவப்பும் அதிகம், நீலம் குறைவு. இருட்டில் பூச்சி வரும். 

டியூப் லைட், சுருள் பல்பு: வெள்ளை வெளிச்சத்தோடு கொஞ்சம் புற ஊதாவும் கலந்து வரும். பூச்சி அதிகம் வரும்.

வெள்ளை எல்இடி: புற ஊதா கிட்டத்தட்ட இல்லை, ஆனால் நீலம் அதிகம். பூச்சி வரும்.

இளமஞ்சள் எல்இடி: நீலம் குறைவு. வெள்ளை எல்இடியைவிடப் பூச்சி குறைவாக வரும்.

நீல, புற ஊதா பல்பு: பொறியில் பயன்படுத்துவது இதுதான். பார்க்க மங்கலாக இருந்தாலும் பூச்சிக்குப் பளிச்சென்று தெரியும். "இவ்வளவு மங்கலா எரியுதே, வேலை செய்யுமா?" என்று சந்தேகப்பட வேண்டாம். அதே சமயம் புற ஊதா விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குக் கெடுதல்.

நெல் வயலில் விளக்குப் பொறி

நம் செங்கல்பட்டுப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் உண்டு. நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் விளக்குக்கு வருபவை இவை:

குருத்துப்பூச்சி என்கிற மஞ்சள் தண்டு துளைப்பானின் தாய் அந்து. பெண் அந்து மஞ்சள் நிறம், முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும்.

இலைச்சுருட்டுப்புழுவின் தாய் அந்து. சின்னது, இறக்கையில் அலை அலையாகக் கோடு இருக்கும்.

புகையான். தண்டின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல் ஆகும்.

பச்சைத் தத்துப்பூச்சி. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டு டியூப் லைட்டைச் சுற்றி மொய்க்கும் பச்சைப் பூச்சிகளில் இதுவும் உண்டு. இது துங்ரோ என்ற நச்சுயிரி நோயைப் பரப்பும்.

ஆனைக்கொம்பன் ஈ. கொசு மாதிரி இருக்கும்.

பொறி அமைப்பது கஷ்டம் இல்லை. மூன்று கொம்பை முக்காலி போல் நட்டு, நடுவில் விளக்கைப் பயிருக்குச் சற்று மேலே தொங்கவிட வேண்டும். அதன் கீழே அகலமான பேசின். அதில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் சோப்புக் கரைசலோ, சில சொட்டு மண்ணெண்ணெயோ விட வேண்டும். ஏக்கருக்கு ஒன்று போதும். வயலின் நடுவில் வைக்காமல் வரப்போரம் வையுங்கள். வெளிச்சத்தால் இழுக்கப்பட்டு வரும் பூச்சி எல்லாமே பேசினில் விழாது. விழாதவை பக்கத்துப் பயிரில் உட்காரும். நடு வயலில் வைத்தால் நாமே விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும்.

நேரம் முக்கியம். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போதும். விடிய விடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாகச் சாகும்.

இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். ஒன்று, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பொறியில் பூச்சி குறைவாக விழும். பூச்சி குறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடவில்லை, அவ்வளவுதான். இரண்டு, தெருவிளக்கு, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று பெரிய வெளிச்சம் அடிக்கும் இடத்திலும் பொறி எடுபடாது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைச் சுற்றியும் இரவில் எவ்வளவு வெளிச்சம் என்று உங்களுக்கே தெரியும். அந்த வெளிச்சம் படும் வயலில் பொறி வைத்தால் காசுக்குக் கேடு. உள்ளே தள்ளி, இருட்டான பக்கம் வையுங்கள்.

எச்சரிக்கை: பொறிக்காக மோட்டார் கொட்டகையிலிருந்து ஒட்டுப் போட்ட ஒயரை வரப்பில் இழுக்காதீர்கள். ஈர நிலம், உயிருக்கு ஆபத்து. சூரிய ஒளி விளக்கு, சார்ஜ் விளக்கு, அதுவும் இல்லையென்றால் அரிக்கேன் விளக்கு போதும். தண்ணீர் மட்டும் வைத்த பேசினில் விழுந்த பூச்சியை வீட்டுக் கோழிக்குப் போடலாம். மண்ணெண்ணெய், சோப்பு கலந்ததைப் போடக் கூடாது.

பிடிப்பது பாதி, எண்ணுவது பாதி

"மெஷின் வச்சா மருந்தே வேணாமா?" என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. விளக்குப் பொறி எல்லாப் பூச்சியையும் அழித்துவிடாது. ஆனால் வயலுக்குள் என்ன வந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும். நாலு வீட்டுச் செய்தி கொண்டுவரும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் பேசினைப் பார்த்து எண்ணி எழுதுங்கள். மஞ்சள் அந்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கூடினால், உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வயலில் இறங்கி இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் கிள்ளி எடுத்துவிடலாம். களை எடுக்கும்போதே செய்யக்கூடிய வேலை இது. ஒரு சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியலுக்கு மேல் இருந்தால், அல்லது குருத்து காய்வது நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சிலந்தியும் தட்டானும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியும் பார்த்துக்கொள்ளும்.

பேசினில் புகையான் கூடினால், பயிரைத் தட்டி அடித்தண்டைப் பாருங்கள். தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். அடுத்த நடவின்போது எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுங்கள்.

ஒரு தெளிப்பு மிச்சமானால் என்ன மிச்சம்? மருந்துக் காசு, ஆள் கூலி மட்டும் இல்லை. மருந்து அடித்த மறுநாளே வெறுங்காலோடு, வெறுங்கையோடு அதே வயலில் களை எடுக்க இறங்குவது நாம்தான். தலைவலி, கண் எரிச்சல், தோல் அரிப்பு என்று வீட்டுக்கு வருவதும் நாம்தான். அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

நிலக்கடலைக்கு ஊரே சேர வேண்டும்

மானாவாரி நிலக்கடலை போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைத் தெரியும். கூட்டமாக வந்தால் ஒரே வாரத்தில் கொல்லையை மொட்டையாக்கிவிடும். இதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் பல மாதம் தூங்கிக் கிடக்கும். நல்ல மழை பெய்து மண் நனைந்த சில நாட்களில் அந்துப்பூச்சிகள் ஒரே நேரத்தில் கிளம்பும். வெள்ளை இறக்கை, முன் ஓரத்தில் மஞ்சள் கோடு. அந்தச் சில இரவுகளில் அவற்றை விளக்குக்கு இழுத்துப் பிடித்துவிட்டால், முட்டையும் குறையும், புழுவும் குறையும்.

இதற்காகத்தான் தமிழகத்தில் மழைக்குப் பின் கொல்லை ஓரங்களில் தீமூட்டம் போடும் வழக்கம் வந்தது. இன்றும் வேளாண் பல்கலைக்கழகம் விளக்குப் பொறியோடு தீமூட்டத்தையும் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் போட்டால் பயன் இல்லை. அந்து பறந்து வரும், பக்கத்துக் கொல்லையில் முட்டையிட்டால் புழு ஊர்ந்து நம் கொல்லைக்கும் வரும். ஒரே இரவில், ஒரே நேரத்தில், எல்லாக் கொல்லையிலும் விளக்கு எரிய வேண்டும். இது தனி விவசாயி செய்ய முடியாத வேலை. குழு இருக்கும் ஊரில் ஒரு போன் சொன்னால் நடக்கும் வேலை.

தென்னையில் காண்டாமிருக வண்டுக்கும் இப்படித்தான். கோடையின் முதல் மழைக்குப் பிறகும், பருவமழைக் காலத்திலும் விளக்குப் பொறி வைத்தால் வண்டு விழும். கூடவே எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். வண்டு பிறக்கும் இடம் அதுதான். குழியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வைத்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதை.

பகலில் நிறம் பேசும்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இரவில் மஞ்சள் பல்புக்குப் பூச்சி குறைவு. பகலில் மஞ்சள் அட்டையில் பூச்சி அப்பிக்கொள்கிறது. ஏன்?

இரவில் அந்துப்பூச்சியைத் தடுமாற வைப்பது எரியும் விளக்கு. அதில் நீலமும் புற ஊதாவும் எவ்வளவு என்பதுதான் கணக்கு. பகலில் பறக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் உட்காருவதற்கு இலையைத் தேடுகின்றன. அவற்றின் கண்ணுக்கு மஞ்சள் என்பது பளபளவென்ற ஒரு பெரிய இளந்தளிர். இரவுக்கு விளக்கு, பகலுக்கு நிறம். பூச்சியும் வேறு, தேடுவதும் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மஞ்சள் அட்டைக்கு வருபவை: வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி, இலையில் வெள்ளைக் கோடு போடும் சுரங்கப்பூச்சியின் ஈ. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈதான். நோய் வந்த செடியை மருந்தால் திருப்ப முடியாது. ஈ வரும்போதே தெரிந்துகொள்வதுதான் வழி.

நீல அட்டைக்கு வருபவை: இலைப்பேன். மிளகாயில் இலை சுருள்வதற்கு முக்கியக் காரணம் இது. புதிய வகை இலைப்பேன் ஒன்று 2015-இல் நம் நாட்டில் முதன்முதலாகப் பப்பாளியில் பதிவானது. 2021-இல் ஆந்திரா, தெலங்கானாவில் மிளகாய்ப் பூக்களில் புகுந்து பெரும் சேதம் செய்தது. பூவுக்குள் ஒளிந்துகொள்வதால் மருந்து சரியாகப் படாது. நீல அட்டை கட்டி வைத்தால் வந்ததும் தெரியும்.

கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய எண்ணெய் டின், பிளாஸ்டிக் தட்டு, அட்டை எதுவானாலும் பளிச்சென்ற மஞ்சள் அல்லது நீலப் பெயிண்ட் அடித்து, மேலே பாலித்தீன் உறை மாட்டி, விளக்கெண்ணெயோ கிரீஸோ தடவினால் பொறி தயார். செடியின் உயரத்துக்குக் கட்டுங்கள், செடி வளர வளர மேலே ஏற்றுங்கள். காய்கறித் தோட்டத்துக்கு ஏக்கருக்கு 5 அட்டை வைத்தால் கணக்கெடுக்கப் போதும். தூசி படிந்தால் ஒட்டாது. உறையை மாற்றி மறுபடி தடவ வேண்டும்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை தென்னை வைத்திருப்பவர்கள் கவனிக்க. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ இன்று தமிழகத் தென்னந்தோப்புகள் பலவற்றில் இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக இருக்கும், கீழ் ஓலையில் கரிப்பூஞ்சை படரும். இதற்கு 5 அடி நீளம், 1½ அடி அகலமுள்ள மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் கட்டச் சொல்கிறார்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி செத்துப்போகும். மஞ்சள் தாளில் அந்தக் குளவியும் ஒட்டலாம். ஆகவே வெள்ளை ஈ குறைந்ததும் தாளைக் கழற்றிவிடுங்கள்.

வெளிச்சம் இழுக்க மட்டும் அல்ல, தடுக்கவும் பயன்படும். ஜப்பானில் பழத்தோட்டங்களில் இரவெல்லாம் மஞ்சள் விளக்கு எரியவிடுகிறார்கள். பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சி, அந்த வெளிச்சத்தில் இன்னும் பொழுது சாயவில்லை என்று நினைத்து அடங்கிக் கிடக்கும்.

தானியம் சேர்க்கும் குழுக்களுக்கு

நெல், அரிசி, பயறு வாங்கிச் சேர்த்து விற்கும் குழுக்கள் நம்மிடம் உண்டு. கிடங்கில் வரும் நெல் துளைப்பான், சிவப்பு மாவு வண்டு போன்றவற்றுக்காகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 4 வாட் புற ஊதா விளக்குப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில், கிடங்கின் மூலைப் பக்கம் வைத்து இரவில் எரியவிட வேண்டும். இந்த விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். எரியும்போது உள்ளே வேலை செய்யக் கூடாது, பிள்ளைகளை விடக் கூடாது. மூட்டையை நன்றாகக் காயவைக்காமல் அடுக்கிவிட்டு விளக்கை மட்டும் நம்ப முடியாது.

வீட்டில் கொசுவுக்கு நீல விளக்கு வாங்கலாமா?

வேண்டாம். கொசு முக்கியமாகத் தேடி வருவது நம் மூச்சுக்காற்றையும் உடம்பு வாசனையையும் சூட்டையும். விளக்கு அதற்கு இரண்டாம்பட்சம். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் வீட்டு முற்றங்களில் தொங்கும் நீல மின் பொறிகளில் செத்த பூச்சிகளை எண்ணிப் பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகளில் கடிக்கும் பூச்சி வெறும் 31. மீதி எல்லாம் நமக்குத் தீங்கு செய்யாதவை, பல நன்மை செய்பவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவு விளக்கால் அதற்கு என்ன செய்ய முடியும்? அந்தப் பணத்துக்குக் கொசுவலை வாங்குங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள்.

மழைக்காலத்தில் வாசல் விளக்குக்கு இளமஞ்சள் பல்பு போடுங்கள். வெள்ளை விளக்கைக் கதவுக்கு நேரே மாட்டாமல் தள்ளி மாட்டுங்கள். இன்னொரு முக்கிய விஷயம்: மழை விட்டதும் எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, செம்மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக ஒரு பூச்சி விளக்குக்கு வரும். இது கடிக்காது. ஆனால் மேலே உட்கார்ந்ததை அடித்து நசுக்கினால் அதன் சாறு பட்டுத் தோல் வெந்தது போல் கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இது வயலில் புகையானைத் தின்னும் நல்ல பூச்சி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எதற்கு உதவாது?

மாவுப்பூச்சியின் பெண்ணுக்கு இறக்கை இல்லை, சிலந்திப்பேனுக்கும் இறக்கை இல்லை. இவை விளக்குக்கும் வராது, அட்டைக்கும் வராது. கத்தரியில் காய்ப்புழுவுக்கும், மா, பாகற்காயில் பழ ஈக்கும் நிறத்தைவிட வாசனைதான் சரி. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது.

கடன் தீர்மானம் போடும் முன்

விளக்குப் பொறி சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகவே குழுவில் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

1. நான்கு தட்டுச் சோதனை. ஒரே அளவில் நான்கு தட்டு. மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு. எண்ணெய் தடவி ஒரே தோட்டத்தில் சம இடைவெளியில் கட்டுங்கள். மூன்று நாள் கழித்து எதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த மூன்று நாளைக்குத் தட்டுகளை இடம் மாற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நிறத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று தெரியாது.

2. பத்து இரவுக் கணக்கு. இருக்கிற சார்ஜ் விளக்கையும் வீட்டுப் பேசினையும் வைத்தே தொடங்குங்கள். தேதி, மழை, நிலா, குருத்துப்பூச்சி, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, நல்ல பூச்சி என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு கிழிக்கலாம். பள்ளி போகும் பிள்ளைகள் உதவுவார்கள்.

3. பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பாட்டிலில் எடுத்துவைத்து, வேளாண் உதவி அலுவலரிடமோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். பொறிக்கு மானியம் அந்த ஆண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

4. அதன் பிறகு தீர்மானம். ஒரு உறுப்பினர் தனியாக வாங்குவதைவிட, பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து வாங்கி, ஒரே நாளில் போடுவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கடனுக்குப் பலன் உண்டு. "மருந்தே வேண்டாம்" என்று சொல்லி விற்பவரிடம், "எந்தப் பூச்சிக்கு? எந்த நிற விளக்கு? எத்தனை மணி வரை எரியும்? பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று நான்கு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கூட்டத்தில் பேச

நம் ஊரில் இருட்டான வயல் எந்தப் பக்கம் இருக்கிறது? போன பட்டத்தில் எத்தனை முறை மருந்து அடித்தோம், அதில் பூச்சியைப் பார்த்து அடித்தது எத்தனை, பக்கத்து வயலில் அடித்ததைப் பார்த்து அடித்தது எத்தனை? பத்து இரவுக் கணக்கை எழுத யார் பொறுப்பு?

கணக்கை எழுதிய குழுக்கள் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஊரில் எந்தப் பூச்சி எப்போது கிளம்புகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். சேமிப்புக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதப் பழகியவர்கள் நாம். பூச்சிக் கணக்கு நமக்குப் பெரிய விஷயம் இல்லை.